பட்டையில் ஏழு

மூன்று என்று காட்ட வேண்டிய இடத்தில் ஏழு என்று காட்டியது.

நிரஞ்சன் கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தான். ஏழுதான். கட்டுகஸ்தோட்டை வீட்டின் சாப்பாட்டு மேசையிலிருந்தே கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வேலை செய்பவன் அவன். கட்டளைகளைத் தட்டும் கறுப்புத் திரையின் அடியில் ஒரு பட்டை வைத்து, ஸ்கிரிப்ட் எழுதி அதை அலங்கரிப்பதிலேயே அன்றைய காலை போய்விட்டது. பேட்டரி எவ்வளவு, மெமரி எவ்வளவு, லேப்டாப் எவ்வளவு சூடு என்று பச்சையும் மஞ்சளுமாக எல்லாம் அழகாகவே ஓடின. கடைசியாக ஆசைப்பட்டு, வைஃபையில் எத்தனை கருவிகள் இருக்கின்றன என்பதையும் சேர்த்தான். அங்கேதான் வந்தது வினை.

லேப்டாப், அவன் போன், மனைவி கிருஷாந்தியின் போன். மிச்சம் நாலு?

“கிருஷா! நம்ம வைஃபைக்குள்ள யாரோ பூந்துட்டானுங்க!”

வீடியோ அழைப்பு ஓடிக்கொண்டிருந்த போனும் கரண்டியுமாகக் கிருஷாந்தி அடுப்படியிலிருந்து வந்தாள். எண்ணிக்கை மட்டும் போதாது என்று பெயர்களையும் காட்டும்படி ஸ்கிரிப்டை மாற்றினான் நிரஞ்சன். பட்டையில் பெயர்கள் ஊர்ந்து வந்தன. நடுவில் ஒன்று: ‘பிரின்சஸ்’.

“யாருங்க இந்த பிரின்சஸ்?”

“எனக்கெப்படித் தெரியும்?”

“பாஸ்வேர்ட் தெரிஞ்சது நம்ம ரெண்டு பேருக்குத்தான். நான் யாருக்கும் குடுக்கல.”

நிரஞ்சனுக்கு வியர்த்தது. “இப்பப் பாரு, உன் கண்ணு முன்னாலயே அவள வெட்டி விடுறேன்.”

“அவளயா?”

“அத! அத வெட்டி விடுறேன்!”

ரவுட்டருக்குள் நுழைந்தான். பெட்டியோடு வந்த பாஸ்வேர்டே திறந்துவிட்டது. இத்தனை நாளும் மாற்றாமல் விட்டதற்குத் தன்னையே திட்டிக்கொண்டு பிரின்சஸைத் தடுத்தான். பட்டை ஆறுக்கு இறங்கியது. அவன் மூச்சு விடுவதற்குள் மறுபடி ஏழு. புதிதாக வந்தது ‘பிரின்சஸ் 2’.

“ரெண்டு பேரா?” கிருஷாந்தியின் குரல் உடைந்தது.

இனி தாட்சண்யமே கிடையாது என்று, இந்த லேப்டாப்பைத் தவிர வேறு எதுவும் உள்ளே வரமுடியாதபடி அடைத்தான். ரவுட்டரின் பாஸ்வேர்டையும் மாற்றினான். பட்டையில் ஒன்று என்று வந்தது.

“முடிஞ்சுது! நம்ம போன் ரெண்டும்கூட இப்ப வேலை செய்யாது. பிறகு சேத்துக்கலாம்.”

கிருஷாந்தி போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். ஹேவாஹெட்டயிலிருந்து அவள் அம்மா பாப்பம்மா வீடியோவில் வாயைப் பிளந்தபடி இருந்தார்.

“மாப்ள, யாரு அந்த ரெண்டு பேரு?”

நிரஞ்சனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “இது எப்படி ஓடுது? டேட்டா போட்டியா?”

“இல்லையே. வைஃபைதான்.”

அப்படியென்றால் திருடன் இந்தப் போனுக்குள்ளேயே குடியிருக்கிறான்! வெடுக்கென்று பிடுங்கி, போனில் இருந்த எல்லாவற்றையும் அடியோடு அழித்தான். மாமியார் மறைந்தார். கூடவே கல்யாணப் படங்கள் அத்தனையும் மறைந்தன.

கிருஷாந்தி கரண்டியை மேசையில் போட்டாள். அறைக்குள் போய் அலுமாரியைத் திறந்து, சேலைகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினாள்.

“கிருஷா, நான் சொல்றத...”

வாசற்கதவு படபடவென்று தட்டப்பட்டது. பக்கத்து வீட்டு ரபீகா. பின்னால் அவர் மகள் நுஹா, அழுது சிவந்த கண்களோடு.

“தம்பி, நுஹாட இன்டர்வியூ பாதியில நின்டுட்டு. மத்த போன்ல போட்டுப் பாத்தா அதுவும் நின்டுட்டு. எங்கட வைஃபைய எவனோ அடச்சிட்டான்!”

நிரஞ்சனுக்கு உயிர் வந்தது. “கேட்டியா கிருஷா? அவங்க வீட்டிலயும் பூந்திருக்கான்! கவலைப்படாதீங்க அக்கா, அவன் யாருன்னு நானே புடிச்சுத் தர்றேன்.”

“அல்லாஹ் உங்களுக்கு நல்லது செய்யட்டும். முதல்ல உங்கட லேப்டாப்பப் பாருங்க தம்பி, மரம் விழுந்து உங்கட லைன் அறுந்த நேரம் நாங்க பாஸ்வேர்ட் போட்டுத் தந்ததுல இருந்து அது எங்கட வைஃபைலதானே ஓடுது.”