வயலின் விரதம்

“யோவ், என் மீசையில பாதி எங்கய்யா?”

நாற்காலியில் இருந்த லாரி டிரைவர் கண்ணாடியைப் பார்த்து அலறினார். சலூன்காரர் தன் வலது கையை முறைத்தார். வில்லைப் பிடிப்பதுபோல் கத்தியைப் பிடித்து, நீளமாக ஓர் இழுப்பு இழுத்திருந்தது அது.

அவர் வயலினைத் தொட்டுப் பத்தொன்பது நாளாகிறது.

“கீழ்வீட்டு ரிட்டயர்டு வாத்தியார் படியேறி வந்து, பூனை வாலை மிதிச்ச மாதிரி இருக்குன்னு சொல்லிட்டுப் போறார். மானம் போகுது!” என்று மனைவி அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். “முப்பது நாள் சாவியைக் கேக்காம இருங்க, திருப்பித் தர்றேன். நடுவுல ஒரு தடவை கேட்டாலும் வயலின் என் தம்பிக்குத்தான்.”

மச்சினன் வில்லை எடுத்து முதுகு சொறிகிற ரகம்.

“முப்பது என்ன, முப்பத்தொண்ணே இருந்து காட்டுறேன்!” என்று சவால் விட்டார் சலூன்காரர். ஆனால் பல் தேய்க்குமுன் ஒரு மணி நேரம், கடை மூடியதும் இரண்டு மணி நேரம் என்று பதினோரு வருஷம் வாசித்த கைக்கு அது புரிய வேண்டுமே!

கத்தியை ஒதுக்கிவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தார். அது தாளம் பிடித்துக்கொண்டது.

“ஓரத்துல லேசா வெட்டினா போதும்ணே,” என்றார் தபால்காரர்.

தாளக்கட்டு முடியாமல் நிறுத்த மனம் வரவில்லை. அது முடிந்தபோது தபால்காரரின் தலையில் முடியும் முடிந்திருந்தது.

சரி, இனி தலைக்கு மசாஜ் மட்டும் என்று முடிவெடுத்தார். காய்கறிக் கடைக்காரரின் கழுத்தில் விரல்கள் கமகம் பிடித்தன. கூச்சம் தாங்காத அந்த மனுஷன், போர்த்திய துணியோடு தெருவில் இறங்கி ஓடினார்.

கடையில் ஈ ஓட்டினார் சலூன்காரர். பிழைப்பு போனாலும் போகட்டும், வயலின் மச்சினன் கைக்குப் போகக் கூடாது.

இருபத்தொன்பதாம் நாள் கீழ்வீட்டு வாத்தியார் வந்து உட்கார்ந்தார். எல்லாவற்றுக்கும் காரணமான மனுஷன்! பல்லைக் கடித்துக்கொண்டு சோப்பு நுரை தடவினார் சலூன்காரர்.

“தம்பி, அன்னைக்குப் பூனை வாலுன்னு சொன்னதுக்கு மன்னிச்சுக்கணும்,” என்றார் வாத்தியார். “இந்த ஒரு மாசத்துல உங்க வாசிப்பு எங்கேயோ போயிடுச்சு. தினம் பகல் பதினோரு மணிக்குக் கடையை விட்டுட்டு வந்து வாசிக்கிறீங்களே, நானும் என் வீட்டுக்காரியும் டிவியை அணைச்சுட்டு உட்கார்ந்து கேக்குறோம்!”