இருட்டண்ணன் தேடிய இழை

திருப்பதிக்கு வருகிறவர்கள் எல்லாரும் எதையாவது பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்புவார்கள். பார்க்கவே முடியாத ஒன்றுக்காக அங்கே வருடக்கணக்கில் தங்கியவர், எனக்குத் தெரிந்து, இருட்டண்ணன் ஒருவர்தான்.

பல்கலைக்கழக விடுதியில் என் அறைத்தோழர். சத்தியவேட்டுப் பக்கம் கூலிக் குடும்பம். நாங்களெல்லாம் கம்ப்யூட்டர் படித்து பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் மூட்டை கட்டிக்கொண்டிருந்த காலத்தில், இவர் கேலக்ஸிக் கூட்டங்களை இணைக்கும், டார்க் மேட்டர் என்கிற கரும்பொருள் இழையைத் தேடிக்கொண்டிருந்தார்; அதனால்தான் அந்தப் பெயர்.

மெஸ்ஸில் பேப்பரில் இருக்கும் நடிகை படத்தின்மேல் தண்ணீர் நிறைந்த கண்ணாடி டம்ளரை வைப்பார்.

"மூக்கு கோணலாத் தெரியுது பாரு. இழையும் இப்படித்தான்டா. கண்ணுக்குத் தெரியாது. ஆனா அதோட ஈர்ப்பு, பின்னாடி கீற கேலக்ஸிங்க வெளிச்சத்தை வளைச்சிடும். கோணலை அளந்தா இழை மாட்டிக்கும்!"

"அந்தப் பொண்ணு மூக்கை வுட்டுட்டு மொதல்ல சோத்தைத் துன்னு நைனா," என்பார் சமையல்காரர்.

பெண் பார்க்கவும் என்னைக் கூட்டிப்போனார். பெண்ணின் அப்பா பணிவாகத்தான் கேட்டார்: "மாப்பிள்ளை இன்னா பண்றாரு?"

"இழை தேடிக்கினு கீறேன் மாமா."

"கெடைச்சா பாக்கலாமா?"

"அப்பவும் பாக்க முடியாது."

அந்த மாமா என் பக்கம் திரும்பி, "தம்பி, நீங்க சாஃப்ட்வேரா?" என்றார்.

திடீரென்று ஒருநாள் லுங்கியோடு விடுதி முழுக்க ஓடினார். "மாட்டிக்கிச்சு! மாட்டிக்கிச்சு!" தொலைநோக்கிப் படத்தில் இரண்டு கேலக்ஸிக் கூட்டங்களுக்கு நடுவே கோணல் கிடைத்துவிட்டதாம். லட்டு வாங்கி எல்லாருக்கும் ஊட்டினார். மறுவாரம் அவருடைய பேராசிரியர் ஒரே கேள்விதான் கேட்டார்: "அதே படத்துல நட்சத்திரங்க எப்படி இருக்கு?"

நட்சத்திரங்கள் இழைக்கு இந்தப் பக்கம், நமக்கு அருகில் இருப்பவை. அவற்றின் வெளிச்சம் வளைய வழியே இல்லை. ஆனால் படத்தில் அவையும் கோணலாகவே இருந்தன. கோணல் வானத்தில் இல்லை, தொலைநோக்கியின் கேமராவில்.

அதற்குப் பின் மெஸ்ஸில் டம்ளரைத் தண்ணீர் குடிக்க மட்டும்தான் எடுத்தார். உதவித்தொகை நின்றது. ஊரிலிருந்து அவருடைய அப்பா வந்து, "போதும்டா, வா," என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். அண்ணன் தடாவுக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசரானார்.

வருடங்கள் கழித்து, யாரோ வெளிநாட்டுக்காரர்கள் அப்படியொரு இழையைக் கண்டுபிடித்த செய்தியை பெங்களூரில் படித்தேன். பயந்துகொண்டே அவருக்கு போன் செய்து சொன்னேன்.

"நெஜமாவே கீதாடா?"

"இருக்காம் அண்ணா."

பின்னால் மிஷின் இரைச்சல். "நான் பைத்தியம் இல்லடா," என்றார். அப்புறம், "ஆனா அதை மொதல்ல நான் பாத்திருக்கணும்டா."

அவராக வைக்கும்வரை போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றேன்.