நாலு மணிக்கு வரும் வேன்

பனியன் கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து எந்த ஆர்டருக்கும் வெள்ளியங்கிரி இவ்வளவு மூளையைச் செலவழித்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை சேவூரில் மச்சான் சுரேந்தர் மகளுக்குக் காதுகுத்து. போனால் மச்சான், போர்வெல் போட்ட கதையை முதல் அடியிலிருந்து ஆரம்பிப்பார். ஆயிரம் அடி போயும் தண்ணி வராது. கேட்கிறவனுக்குக் கண்ணில்தான் வரும்.

அதனால் சனிக்கிழமை காலையிலேயே கம்ப்யூட்டரில் புது ஆபரேட்டிங் சிஸ்டம் போட உட்கார்ந்துவிட்டார். அது ஏறியதும் முதல் வேலையாகப் பாஸ்வேர்டு கேட்டது. அவருக்கு அது மறந்தே போயிருந்தது. அடடா, கும்பிடப் போன சாமி குறுக்கே வந்த மாதிரி!

"உள்ளேயே விட மாட்டேங்குது அம்மணி. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் ஆகும். நீ மட்டும் போயிட்டு வா."

"அதுக்கென்னங்க, வேலைதானுங்க முக்கியம்," என்றாள் அன்புசெல்வி. கட்டின நாளிலிருந்து அவள் எதையும் இவ்வளவு லேசில் விட்டதில்லை. மனுசனுக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

மத்தியானம் மறுபடி மாடியேறி வந்தாள். "ஏனுங்க, திங்கக்கெழமை சரக்கெடுக்க வர்ற வேன் இன்னைக்கு நாலு மணிக்கே வருதாமா. பெட்டிக்கு ஒட்டற ஸ்டிக்கர் வேணுமுங்க."

வெள்ளியங்கிரிக்கு வேர்த்துவிட்டது. ஸ்டிக்கர் எல்லாம் கம்ப்யூட்டருக்குள். வேன் வெறுமனே திரும்பினால் ஆர்டர் கொடுத்த கம்பெனிக்காரன் இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டான். குலசாமி பேரை அடித்தார். கம்பெனி பேரை அடித்தார். ஆத்திரத்தில் மாமனார் பேரைக்கூட அடித்தார். எல்லாமே தப்பு. கடைசியில், பதிவு செய்த போனுக்கு நம்பர் அனுப்பட்டுமா என்று கம்ப்யூட்டரே கேட்டது. அனுப்பச் சொன்னார்.

செல்வி கையிலிருந்த போன் கிணுகிணுத்தது. யார் நம்பர் கேட்டாலும் தொல்லை அவளுக்கே போகட்டும் என்று அவள் நம்பரைக் கொடுப்பது இவர் வழக்கம்.

"ஏதோ நம்பர் வந்திருக்குதுங்க."

"சொல்லு, சொல்லு!"

"நாளைக்குச் சேவூர் வர்றீங்களா?"

"வேலை கெடக்குது புள்ள..."

"எனக்கும் அடுப்புல வேலை கெடக்குதுங்க."

"இரு, இரு! வர்றேன்!"

"நாலு, ஏழு. அண்ணன் போர்வெல் கதைய போன் நோண்டாம கேக்கோணும்."

"ஆயிரம் அடி புள்ள!"

"இந்த நம்பர் கொஞ்ச நேரந்தான் செல்லுமாமா."

"கேக்கறேன் தாயே!"

"ஒண்ணு, சைபர். நடுவுல, 'அப்புறம் என்னாச்சு மச்சான்'னு ஆசையா கேக்கோணும்."

"...கேட்டுத் தொலைக்கிறேன்."

"எட்டு, ரெண்டு."

கம்ப்யூட்டர் திறந்துகொண்டது. ஸ்டிக்கர் மளமளவென்று வந்து விழ, வெள்ளியங்கிரிக்கு அவள்மேல் பாசம் பொங்கிவிட்டது. இவள் மட்டும் இல்லாவிட்டால் கம்பெனி என்றைக்கோ சந்தி சிரித்திருக்கும்! ஸ்டிக்கரை அள்ளிக்கொண்டு இரண்டிரண்டு படியாகத் தாவி வாசலுக்கு ஓடினார். வாசலில் நாய் ஒன்று படுத்திருந்தது.

"வேன் எங்க புள்ள?"

அவருடைய சந்தனக் கலர் சட்டைக்கு இஸ்திரி போட்டபடி செல்வி நிமிர்ந்தாள்.

"வேன் திங்கக்கெழமைதானுங்க. காதுகுத்துதான் நாளைக்கு."