மரப்பாலமும் மனப்பாடமும்

ஒரு காட்டில், எல்லாக் காடுகளையும் போலவே, குட்டிகள் என்றால் எல்லாருக்கும் கொள்ளைப் பிரியம். மன்னர் சிங்கத்துக்குக் குட்டிகளைத் தூக்கி வைத்துக்கொண்டு படம் எடுத்துக்கொள்ளப் பிடிக்கும். செயலாளர் நரிக்குக் குட்டிகளைப் பற்றி அறிக்கை எழுதப் பிடிக்கும். ஓடையில் கிடந்த முதலைக்கும் குட்டிகளைப் பிடிக்கும். அது மட்டும் இதுவரை அறிக்கை எதுவும் எழுதியதில்லை.

அந்த ஓடையின் இக்கரையில் வீடுகள், அக்கரையில் பள்ளிக்கூடம். நடுவில் பாலம் என்ற பெயரில் ஒரு மரக்கட்டை. மன்னரின் தாத்தா காலத்தில் காற்றில் சாய்ந்த மரம் அது. சாய்ந்த மரத்தைப் பாலம் என்று அறிவித்துத் திறந்து வைத்தவரும் அந்தத் தாத்தாதான். இப்போது அது உளுத்துப்போய், கால் வைத்தால் பொடியாக உதிர்ந்தது. போன மழைக்காலத்தில் ஒரு காட்டுப்பன்றிக் குட்டி அதிலிருந்து வழுக்கி விழுந்து, எப்படியோ நீந்திக் கரையேறியது. கரையேறியபோது வால் இல்லை. அரண்மனைக்குத் தகவல் போனது. 'பன்றிக்கு வால் அவ்வளவு முக்கியமான உறுப்பு அல்ல' என்று செயலாளர் கையெழுத்தோடு பதில் வந்தது.

முள்ளம்பன்றி வீட்டுப் பெண் முள்ளி அந்தக் கட்டையில்தான் தினமும் பள்ளிக்குப் போய் வந்தாள். தன்னைப் பற்றி அவளுக்குப் பயமில்லை. தம்பி மொச்சையை நினைத்துத்தான் பயம். அவனுக்குக் கால் குட்டை. முதுகில் முள்கூட இன்னும் முற்றவில்லை. போதாததற்கு எதைப் பார்த்தாலும் நின்று எட்டிப் பார்க்கும் புத்தி வேறு. அவனைப் பள்ளியில் சேர்க்க நாள் குறித்தாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் காடு 'குட்டிகள் நலக் கொள்கை' என்று ஒன்றை வெளியிட்டுவிட்டது. நம் மன்னருக்குச் சோறு இறங்கவில்லை.

"நம்மகிட்ட ஏன்யா அது இல்ல?" என்று நரியைப் பிடித்துக் கேட்டார்.

"நாளைக்கே போட்டுரலாம் மன்னா. ஆனா இப்பல்லாம் கொள்கைன்னா அதுக்குள்ள குட்டிங்களோட குரல் இருக்கணுமாம்."

"குரல்தானே? சத்தமாப் பேசற குட்டி ஒண்ணப் புடிச்சுட்டு வா."

நரி பள்ளிக்கூடம் போனது. ஒவ்வொரு குட்டியையும் கத்தச் சொல்லிக் கேட்டது. மான் குட்டியின் குரல் முதல் வரிசையைத் தாண்டவில்லை. யானைக் குட்டியின் குரல் மன்னரின் குரலையே அமுக்கிவிடும் போலிருந்தது. அது ஆபத்து. முள்ளியின் குரல்தான் அளவாக இருந்தது. அவளைத் தேர்ந்தெடுத்த கையோடு நரி ஒரு பேச்சை எழுதி நீட்டியது. 'விண்ணதிர முழங்கும் எங்கள் வேந்தே, வெயிலில் நிழலே, மழையில் குடையே' என்று அது தொடங்கியது.

"அப்படியே மனப்பாடம் பண்ணிரணும் பாப்பா. 'மன்னர்'னு வர்ற இடத்துல வலது கையைத் தூக்கணும். 'குட்டிகள்'னு வந்தா நெஞ்சுல கை. 'பொற்காலம்'னு சொல்றப்ப ரெண்டு கையையும் விரிச்சு, கொஞ்சம் மூச்சு விட்டு நிக்கணும். அப்பத்தான் கைதட்டுவாங்க."

முள்ளி முழுவதையும் படித்துப் பார்த்தாள். "மாமா, இதுல பாலத்தப் பத்தி ஒரு வரி சேத்துக்கட்டுமா?"

"இது உன்னோட குரல் கண்ணு. இதுல போய் உன் சொந்தக் கருத்தையெல்லாம் கலக்கக் கூடாது" என்றது நரி.

கொள்கையை அறிவிக்கும் விழா நாள் வந்தது. 'குட்டிகளைக் காப்போம்' என்று எழுதிய பேனரின் எதிரே, பொட்டல் வெளியில், குட்டிகளைக் காலையிலிருந்து வரிசையாக நிற்க வைத்திருந்தார்கள். கையில் ஆளுக்கொரு இலைக் கொடி. மன்னர் வந்தபாடில்லை. தண்ணீர்ப் பானை மேடையில் இருந்தது. அது மேடைக்காரர்களுக்கு. வெயில் உச்சிக்கு ஏறியபோது ஒரு முயல் குட்டி கொடியைப் பிடித்தபடியே மயங்கி விழுந்தது.

கரடி டீச்சர் பதறிப்போய்த் தண்ணீர் எடுக்க ஓடினார். நரி குறுக்கே வந்து நின்றது. "நல்ல வேளை! முதலுதவிக் கூடாரத்த மன்னர் தொறந்து வைக்க ஒரு ஆளு இல்லையேன்னு தவிச்சுக்கிட்டு இருந்தேன். கூடாரத்துல படுக்க வைங்க. அவர் வர்ற வரைக்கும் எழுப்பிராதீங்க."

ஒருவழியாக மன்னர் வந்தார். கூடாரத்தைத் திறந்து வைத்தார். முயலின் நெற்றியில் கை வைத்துப் படம் எடுத்துக்கொண்டார். அதன் பிறகுதான் அதன் வாயில் தண்ணீர் ஊற்றினார்கள். அடுத்து, குட்டியின் குரல். முள்ளி மேடையேறினாள். 'வெயிலில் நிழலே' என்ற இடம் வரைக்கும் சரியாகத்தான் சொன்னாள். அங்கே வந்ததும் அவள் கண் கூடாரத்தின் பக்கம் போனது. மனப்பாடம் நின்றுவிட்டது. மேற்கொண்டு வந்தது அவளுடைய பேச்சு.

"ஓடையில கட்டை உளுத்துப்போச்சுங்க. கீழ முதலை இருக்கு. எங்க தம்பி திங்கக்கிழமையிலருந்து பள்ளிக்கூடம் வர்றான், அவனுக்குக் காலு குட்டை. கட்டையை மாத்திக் குடுங்க. அப்புறம், கீழ நிக்கிறவங்களுக்கும் தண்ணி குடுங்க."

அவ்வளவுதான் பேச்சு. கையை எங்கேயும் தூக்கவில்லை. யாரும் கைதட்டவும் இல்லை.

மன்னர் நரியின் பக்கம் சாய்ந்தார். "குட்டி பேசற பேச்சா இது?"

"இல்லவே இல்ல மன்னா. யாரோ நல்லாச் சொல்லிக் குடுத்துப் பேச வெச்சிருக்காங்க."

சொல்லிக் கொடுத்ததை விட்டுவிட்டுப் பேசியதற்காக, யார் சொல்லிக் கொடுத்தது என்று விசாரணை வைத்தார்கள். விசாரித்தது நரியேதான். பாலத்தின் நிலவரம் தெரிய அந்தப் பகுதியில் குடியிருப்பவரைக் கேட்பதுதானே முறை? முதலையைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

"பொறந்ததுலருந்து அந்தப் பாலத்துக்குக் கீழதான் இருக்கேன். எனக்குத் தெரிஞ்சு ஒரு குறையும் இல்லீங்க. மாத்தாம இருக்கறதுதான் நல்லது" என்றது முதலை. பாலம் உறுதியாக இருக்கிறது என்று நரி தீர்ப்பு எழுதியது. சொல்லிக் கொடுத்த குற்றம் கரடி டீச்சர் தலையில் விழுந்தது. ஏனென்றால் வகுப்பில் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று அடிக்கடி சொல்பவர் அவர்தான். மலைக்கு அந்தப் பக்கம், வௌவால் குட்டிகள் படிக்கும் குகைப் பள்ளிக்கு அவரை மாற்றிவிட்டார்கள். தலைகீழாகத் தொங்கும் பிள்ளைகளுக்குக் கரும்பலகையை எந்தப் பக்கம் மாட்டுவது என்று அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

இந்த இடத்தில் எனக்குக் கோபம் வருகிறது. கதை சொல்பவன் கோபித்துக்கொண்டு எழுந்துபோனால் மொச்சையை யார் அக்கரை சேர்ப்பது? அதனால் மேலே சொல்கிறேன்.

"வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியாடி? ஒரு நல்ல டீச்சரு போயிட்டாங்க பாரு" என்று முள்ளியின் அம்மா திட்டினாள். முள்ளி அழுதாள். உண்மையைச் சொன்னதால் டீச்சர் போனார், கட்டை மாறவில்லை. மொச்சையோ புதுப் பையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே பள்ளிக்கூடம் போய் வந்துகொண்டிருந்தான். அவனைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அழுகை நின்று யோசனை வந்தது.

மறுநாள் அவள் நரியைத் தேடிப் போனாள். "மாமா, நான் பேசினது தப்பு. மன்னர்கிட்ட மேடையிலயே மன்னிப்புக் கேக்கணும். பேச்சு நானே எழுதி மனப்பாடம் பண்ணிட்டேன். ரெண்டு கையையும் விரிக்கிற இடமே நாலு வருது."

நரிக்குக் கண் கலங்கிவிட்டது. கொள்கை வெளியீட்டு விழா ஞாயிற்றுக்கிழமை. கொள்கையில் குட்டியின் குரல் பகுதி மட்டும் காலியாகக் கிடந்தது.

விழாவில் முள்ளி நெஞ்சை நிமிர்த்தி நின்றாள். "விண்ணதிர முழங்கும் எங்கள் வேந்தே! அன்று பிறர் பேச்சைக் கேட்டு நம் பாலத்தைப் பழித்தேன். மன்னிப்பீராக! அந்தப் பாலம் மன்னரின் ஆட்சியைப் போல் உறுதியானது! மன்னரின் தாத்தா தந்த மரம் உளுத்துப்போகுமா? நம் மன்னர் தம் திருவடி பதித்து அதன்மேல் நடந்து, அக்கரையில் எங்கள் பள்ளிக்கு வருவாரானால், அன்றே குட்டிகளின் பொற்காலம்!"

இரண்டு கையையும் விரித்தாள். கொஞ்சம் மூச்சு விட்டு நின்றாள். கைதட்டலில் மரத்திலிருந்த பறவைகள் பறந்தன.

மன்னர் மீசையை முறுக்கிக்கொண்டார். "இதுதான்யா குட்டியோட குரலு! மனசுல பட்டத அப்படியே பேசுது பாருங்க. யாராவது சொல்லிக் குடுத்து வருமா இது? கெளம்புங்க, பாலத்துக்குப் போவோம்!"

நரிக்கு உடம்பு வேர்த்தது. அந்தக் கட்டையில் அது ஒருநாளும் கால் வைத்ததில்லை. குட்டிக் கால்களுக்கு எட்டாத மேட்டு வழியாகச் சுற்றித்தான் பள்ளிக்குப் போகும். ஆனால் பாலம் உறுதி என்று தீர்ப்பு எழுதிய கையை வைத்துக்கொண்டு இப்போது எப்படித் தடுப்பது?

"மன்னா, வெயிலா இருக்கு..."

"இருக்கட்டும், நீயும் வாய்யா" என்று அதையும் இழுத்துக்கொண்டு மன்னர் கட்டையில் ஏறினார். கரையில் நின்ற முள்ளிக்குக் கட்டை ஆடுவது தெரிந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. முன்பு வாயைத் திறந்தபோது நடந்ததைத்தான் பார்த்தோமே.

நடுவில் போனதும் மன்னர் படத்துக்காக நின்றார். கட்டை முறிந்தது. மன்னரும் செயலாளரும் ஓடைக்குள் விழுந்தார்கள். யானைகள் ஓடிப்போய் இருவரையும் தூக்கிக் கரையில் போட்டபோது, மன்னருடைய வாலின் நுனிக் குஞ்சத்தைக் காணோம்.

முதலை தண்ணீருக்கு மேலே தலையை நீட்டி வாயைத் துடைத்துக்கொண்டது. "மன்னா, மன்னிச்சுருங்க. உங்க வாலுன்னு சத்தியமாத் தெரியாது. இங்க வழக்கமா விழறது குட்டிங்கதானே, அந்த நெனப்புல..."

சிங்கத்துக்கு வால் எவ்வளவு முக்கியமான உறுப்பு என்று அன்றைக்குக் காடு முழுவதும் தெரிந்துகொண்டது. மலையிலிருந்து பாறைகள் வந்தன. காட்டு யானைகள் அத்தனையும் வந்தன. மறுநாள் விடிவதற்குள் கைப்பிடிச் சுவரோடு கல்பாலம் எழும்பி நின்றது. அதற்கு 'மன்னர் வால் நினைவுப் பாலம்' என்று பெயர் வைத்தார்கள். முதலையை அங்கிருந்து அப்புறப்படுத்தி, குட்டிகளோடு நீண்ட நாள் பழக்கம் உள்ளவர் என்ற முறையில் குட்டிகள் நலக் குழுவில் உறுப்பினராகப் போட்டார்கள். கொள்கையின் முதல் பக்கத்தில் 'குட்டியின் குரலுக்குச் செவிசாய்த்து இப்பாலம் எழுப்பப்பட்டது' என்று எழுதினார்கள். கரடி டீச்சரின் மாற்றல் மட்டும் ரத்தாகவில்லை. ரத்து செய்தால், அன்று முள்ளி சொன்னது உண்மை என்று ஆகிவிடுமே.

திங்கட்கிழமை காலை, குட்டிகளை வரவேற்கப் பாலத்தின் முனையில் நரி நின்றிருந்தது. உடம்பெல்லாம் கட்டு. முள்ளி தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவள் நினைத்தது போலவே மொச்சை பாதிப் பாலத்தில் நின்றான். கைப்பிடிச் சுவரில் தொற்றி எட்டிப் பார்த்தான். ஒரு கல்லை எடுத்து ஓடைக்குள் போட்டான். 'தொபுக்' என்று சத்தம் வந்ததும் சிரித்தான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நரி முள்ளியின் காதருகே குனிந்தது. "உண்மையச் சொல்லு பாப்பா. அந்த ரெண்டாவது பேச்சு... அப்படிப் பேச உனக்கு யார் சொல்லிக் குடுத்தது?"

"நீங்கதான் மாமா" என்றாள் முள்ளி. தம்பியின் பையைச் சரிசெய்து மாட்டிவிட்டு, அவனை முன்னால் நடக்க விட்டுப் பின்னாலேயே போனாள்.

நீதி: குழந்தைகள் எப்போதும் உண்மையே பேச வேண்டும். பாலம் வேண்டும் என்றால் மட்டும், பொய்யை மனப்பாடம் செய்து, ஏற்ற இறக்கத்தோடு, இரண்டு கையையும் விரித்துப் பேச வேண்டும்.