மின்னல் ஐயாவின் வேகத் தகடு

பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால்கூட நம் ஆட்கள் இவ்வளவு பதறி ஓடியதில்லை. கம்ப்யூட்டர் பெட்டியைத் துண்டில் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு, தெருமுனை வரைக்கும் வரிசை. ஒருவர் பெட்டிக்கு வெயில் படாமல் குடை பிடித்திருந்தார். அவர் மனைவி பக்கத்தில் வெயிலில் நின்றாள்.

"எங்க பெட்டி ஆன் ஆகவே அரை மணி ஆகுதுங்க. உங்களுது?"

"சுவிட்சைப் போட்டுட்டு நான் குளிச்சுட்டு வந்துடுவேன்."

"வந்ததும் ஆன் ஆகியிருக்குமா?"

"தலையும் துவட்டணும்."

வரிசை போய்ச் சேரும் இடம், பூட்டிக் கிடந்த ஒரு துணிக்கடையின் மாடி. வாசலில் பெரிய பலகை: 'மெதுவான கம்ப்யூட்டருக்கு மின்னல் வேகம்! உதிரிப்பாகம் வேண்டாம். புதுப் பெட்டி வேண்டாம். நம்பிக்கை மட்டும் போதும்.' நம்பிக்கை மட்டும் போதும் என்ற அந்த வரிக்கு நேர் கீழேதான் பணம் வாங்கும் மேசையைப் போட்டிருந்தார்கள்.

மாடியில் வீற்றிருந்தவர் மின்னல் ஐயா. வெள்ளிச் சரிகை போட்ட நீளச் சட்டை, பாதி மூடிய கண். பெட்டி வந்ததும் காதை வைத்துக் கேட்பார். மூன்று தட்டு தட்டுவார். பெருமூச்சு விடுவார்.

"உள்ள ஒரு மந்த ஆவி உக்காந்திருக்கு."

"ஐயோ! எப்படிங்க ஐயா வந்துச்சு?"

"கரெண்ட் போச்சா சமீபத்துல?"

"ஆமாங்க ஐயா! போன வாரம் போச்சு!"

"திரும்ப வரும்போது ஒயர் வழியா ஏறிடுச்சு."

கூட்டம் வாயைப் பிளக்கும். கரெண்ட் போகாத வீடு எது என்று ஒருத்தராவது கேட்க வேண்டுமே! கேட்டால் வரிசையில் இடம் போய்விடும்.

பிறகு பெட்டி திரைக்குப் பின்னால் போகும். உடன் யாரும் போகக்கூடாது. கால் மணி நேரம் உள்ளே மணி விடாமல் அடிக்கும். வெளியே வரும்போது பெட்டியின் நெற்றியில் ஒரு தகடு. ஏழைக்குச் செம்புத் தகடு, வசதியானவருக்குத் தங்க நிறத் தகடு. ஆவிக்குக்கூட ஆள் தரம் தெரிகிறது பாருங்கள். பக்கவாட்டுத் திருகுகளின் மேல் சிவப்பு அரக்கு முத்திரை.

கடைசியாக விரதம். நாற்பது நாள். ஒரு நேரத்தில் ஒரு ஜன்னலுக்கு மேல் திறக்கக்கூடாது. படம் பார்க்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, பெட்டியின் மூடியைத் திறக்கவே கூடாது. "திறந்தா, விரட்டின ஆவி திரும்பி வந்து வீட்டு ஆளுங்க மேலயே ஏறிக்கும்."

முதல் இரண்டையும் எந்த ரிப்பேர்க்காரரும் இலவசமாகச் சொல்லுவார். ஓசியில் சொன்னால் அது புத்திமதி, ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவோம். காசு வாங்கிக்கொண்டு சொன்னால் அருள்வாக்கு. அதனால் சில பெட்டிகள் கொஞ்சம் தேறத்தான் செய்தன. தேறாத பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தால் ஐயா ஒரே கேள்விதான் கேட்பார்: "விரதத்துல எங்க குறை வெச்சே?" ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்.

ஐயாவின் புகழுக்குப் பெரிய தூண் ஒரு வீட்டுக்காரர். பெரிய கம்பெனியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தங்கத் தகடு ஒட்டியவர். அவர் பெட்டி மெய்யாகவே பறந்தது. கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டுவார். "பாருங்க, தட்டினேன், திறந்துச்சு! படிச்சவன் சொல்றேன், நம்புங்க!" படித்தவர் சொன்ன பிறகு மற்றவர் யோசிப்பானேன்? அதற்குத்தானே அவர் படித்திருக்கிறார்!

அவர் வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தவர்கள் ஒரு டிரைவரும் அவர் மனைவியும். மனைவி ஒரு வக்கீல் அலுவலகத்துக்கு வீட்டிலிருந்தே டைப் அடித்துக் கொடுப்பாள். தெருவே அவளை டைப்பிங் அக்கா என்றுதான் கூப்பிடும். அவளுடையது மூன்று கை மாறி வந்த பழைய பெட்டி. எழுத்தை அடித்துவிட்டு அது திரையில் வரும்வரை காத்திருக்க வேண்டும். பழைய சாமான் கடைக்காரர் பெட்டியைத் திறந்து பார்த்துச் சொன்னார்.

"ராம் கம்மிம்மா. ராம்னா மேசை மாதிரி. சின்ன மேசையில எத்தனை பேப்பரை விரிப்பே? இன்னொண்ணு போடு. அப்புறம் கையில காசு வர்றப்ப இந்தப் பழைய டிஸ்க்கை மாத்து. புதுப் பெட்டியெல்லாம் வேண்டவே வேண்டாம்."

அப்படியே செய்தாள். ஒரு சாண்கூட இல்லாத பச்சைப் பலகை, பழையதுதான். "ரிப்பேரானா மாத்தித் தர்றேன். ஆனா என்கிட்ட வாங்கினதுன்னு அடையாளம் வேணும்" என்றார் கடைக்காரர். கைப்பையில் இருந்த நகப்பூச்சை எடுத்து அதன் மூலையில் இரண்டு சிவப்புப் பொட்டு வைத்தாள். பெட்டி தவழ்வதை விட்டு நடந்தது. டிஸ்க்குக்காக ஒரு டப்பாவில் பணம் சேர்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் வக்கீல் அலுவலகம் நெருக்கியது: மாதக் கடைசிக்குள் முந்நூறு பக்கம் வர வேண்டும், இல்லையென்றால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

டிரைவர் நல்ல மனிதர். மனைவி மேல் உயிர். உயிரை வைத்தவர் கொஞ்சம் அறிவையும் சேர்த்து வைத்திருக்கலாம். அவள் வக்கீல் அலுவலகம் போயிருந்த ஒரு காலையில், வீட்டுக்காரர் பேச்சைக் கேட்டு, பெட்டியைத் தோளில் தூக்கினார். டப்பாவையும் எடுத்துக்கொண்டார்.

மத்தியானம் திரும்பியவள் பெட்டியின் நெற்றியில் செம்புத் தகட்டைப் பார்த்தாள்.

"என்னங்க இது?"

"போட்டுப் பாரு, அப்புறம் பேசு!" முகமெல்லாம் சிரிப்பு.

போட்டாள். ஒரு கோப்பைத் திறந்தாள். இரண்டாவதைத் திறந்ததும் பெட்டி உறைந்து நின்றது.

"ரெண்டு ஜன்னல் திறந்தியா? விரதத்தை முறிச்சுட்டியே!"

"ஒண்ணைப் பார்த்துத்தானே இன்னொண்ணுல அடிக்கணும்? நேத்து ஆறு திறந்தேன், ஓடுச்சே! டப்பா எங்க?"

டிரைவர் மேசைக் காலைப் பார்த்தார். அவளுக்குப் புரிந்துவிட்டது. அழுகை வந்தது, அதைவிட வேகமாகக் கோபம் வந்தது. "நான் ஒவ்வொரு பக்கமா அடிச்சுச் சேர்த்த காசுங்க அது. ஒரு வார்த்தை என்னைக் கேக்கத் தோணலையா உங்களுக்கு?"

"உனக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னு..."

"ஆச்சரியமாத்தான் இருக்கு."

உட்கார்ந்து திரையில் எதையோ தட்டினாள். பெட்டிக்குள் எவ்வளவு ராம் இருக்கிறது என்று பெட்டியே சொல்லும். அதற்கு ஆவி ஜோசியம் தேவையில்லை. நேற்றுவரை எட்டு ஜி.பி. இன்று நாலு.

"பாதியைக் காணோம்."

"ஆவி போகும்போது எடுத்துட்டுப் போயிருக்குமோ?" என்றார் டிரைவர், மெல்ல.

அவள் பெட்டியைத் தன் பக்கம் திருப்பினாள். அரக்கை நகத்தால் பெயர்த்தாள். "ஐயோ, திறக்காதே!" என்று அவர் இரண்டடி பின்னால் போனார். மூடி திறந்தது. ஆவி வரவில்லை. உள்ளே தூசிகூட இல்லை, ஐயா சுத்தமாக ஊதித்தான் கொடுத்திருக்கிறார். ராம் செருகும் இடம் இரண்டில் ஒன்று காலி.

டிரைவர் அந்தக் காலி இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். "நான்தான் தோள்ல தூக்கிட்டுப் போய்க் குடுத்துட்டு வந்தேன்" என்றார்.

சாயங்காலம் அவள் வீட்டுக்காரர் அறைக்குப் போனாள். அவர் வழக்கம்போலப் பெட்டியின் பெருமையைப் பாடினார்.

"சார், எவ்வளவு ராம் காட்டுதுன்னு பார்க்கலாமா?"

"தாராளமா! வாங்கும்போது நாலு. தகடு ஒட்டினதும் எட்டு. இப்ப பன்னெண்டு! தானா வளருது! போன வாரம்கூட ஐயாவே பெட்டியைக் கேட்டு வாங்கி, தகட்டுக்குப் புதுசா வேகம் ஏத்தி அனுப்பினார். நேத்து மத்தியானம்தான் ரெண்டாவது தடவை அனுப்பினேன், இன்னிக்குச் சாயங்காலம் வந்துச்சு."

"அப்ப இந்தப் பன்னெண்டு?"

"இன்னிக்குத்தான். நேத்து வரைக்கும் எட்டுதான்."

சாமான் வளரும் என்று நம்புகிற மேலாளர்! எந்தக் கம்பெனியை ஆண்டாரோ, அது பிழைத்திருந்தால் சரி. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாடியில் நூறாவது தகட்டு விழா. வீட்டுக்காரர் பெட்டி மேடையில், மாலை மட்டும்தான் போடவில்லை. "படிச்சவன் சொல்றேன்" என்று அவர் ஆரம்பிக்கும்போதே டைப்பிங் அக்கா எழுந்தாள்.

"ஐயா, ஒரு சின்னச் சோதனை. எங்க வீட்டுப் பெட்டியில இருந்த ஒரு ராம் இங்க வந்துட்டுப் போனதும் காணோம். அதோட மூலையில ரெண்டு சிவப்புப் பொட்டு இருக்கும், நான் வெச்சது." கைப்பையிலிருந்து நகப்பூச்சுப் புட்டியை எடுத்து முன்வரிசைப் பெண்ணிடம் கொடுத்தாள். அன்றைக்கு வரிசையில் குடைக்கு வெளியே வெயிலில் நின்றவள்தான் அவள். "அக்கா, இந்த நிறத்தைப் பார்த்து வெச்சுக்கோங்க. இப்ப மேடையில இருக்கற பெட்டியைத் திறப்போம். பொட்டு இல்லேன்னா ஐயா கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கறேன்."

ஐயாவின் பாதி மூடிய கண் முழுசாகத் திறந்தது. "மூடியைத் திறந்தா ஆவி வெளியே வரும்! இங்க இருக்கற குழந்தைங்க மேல ஏறும்! அப்புறம் நான் பொறுப்பில்ல!"

முன்வரிசை எழுந்து பின்வரிசைக்குப் போயிற்று. அப்போதுதான் டிரைவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடை ஏறினார். கையில் ஸ்க்ரூடிரைவர்.

"எல்லாரும் தள்ளியே நில்லுங்க. ஏறினா என் மேல ஏறட்டும். ஏற்கெனவே ஒருத்தர் என் தலையில நல்லா ஏறி உக்காந்து இறங்கிட்டார், எனக்குப் பழகிப்போச்சு."

"என் பெட்டியைத் தொடாதே!" என்றார் வீட்டுக்காரர்.

"சார், உள்ள ஒண்ணும் இல்லேன்னா உங்களுக்கு என்ன பயம்?" என்றாள் டைப்பிங் அக்கா.

அவர் ஐயாவைப் பார்த்தார். ஐயா கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரருக்கு என்ன தோன்றியதோ, "சரி, திற" என்றார்.

திருகு கழன்றது. மூடி வந்தது. புட்டியும் கையுமாக மேடை ஏறி எட்டிப் பார்த்த பெண், "ரெண்டு பொட்டு! இதே நிறம்!" என்று கத்தினாள்.

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்களே, அதுதான் நடந்திருக்கிறது. செம்புத் தகட்டுக்காரன் பெட்டியிலிருந்து பிடுங்கி, தங்கத் தகட்டுக்காரர் பெட்டியில் செருகுவது. ஏழையின் பெட்டி படுத்தால் விரதக் குறை; பணக்காரர் பெட்டி பறந்தால் தகட்டு மகிமை.

ஐயா லேசுப்பட்டவர் இல்லை. கையைத் தூக்கினார். "பார்த்தீங்களா! ஆவிதான் இதை இங்க கொண்டாந்து வெச்சிருக்கு!"

பின்னாலிருந்து ஒரு குரல், சத்தியமாகச் சொல்கிறேன், "அப்படியும் இருக்கலாம்ல?" என்றது.

"இருக்கலாமே" என்றாள் அக்கா. "ஆவிக்கு அரக்கு எதுக்கு? மணி எதுக்கு? வாங்க, திரையைப் பார்ப்போம்." போய் ஒரே இழுப்பு.

உள்ளே பூஜையும் இல்லை, புகையும் இல்லை. ஒரு மேசை, தூசி ஊதும் பம்ப், நாலு ஸ்க்ரூடிரைவர், அந்தச் சத்தம் வெளியே கேட்காமல் இருக்க ஒரு மணி. பிஸ்கெட் டின் ஒன்றில் நிறைய ராம் பலகைகள்.

கூட்டம் பாய்ந்தது. ஐயாவின் சரிகைச் சட்டை கிழிந்தது. உள்ளே பழைய ரிப்பேர் கடைச் சட்டை. அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு கத்தினார்.

"அடிங்க! அடிங்க! ஆறு வருஷம் ரிப்பேர் கடை வெச்சிருந்தேன். இதே ஊதற வேலை, இதே ராம் போடற வேலை, நேர்மையாச் செஞ்சேன். ஒவ்வொருத்தரும் பாதிக் காசுக்குப் பேரம் பேசினீங்க. கடையை மூடினேன். ஒரு தகட்டை ஒட்டினேன், கேட்ட காசைக் குடுத்துட்டுக் கால்ல வேற விழுந்தீங்க! நான் திருடன்தான். என்னைத் திருடனா ஆக்கினது யாரு?"

திருடனுக்கு அது சாக்கு. ஆனால் ஓங்கிய கைகள் பல கீழே இறங்கியது எனக்குத் தெரியும். அவரைப் போலீஸில் பிடித்துக் கொடுத்தார்கள். மேசையில் இருந்த பணத்துக்கு மறுபடி ஒரு வரிசை, இந்த முறை வாங்குவதற்கு. டப்பாப் பணம் டைப்பிங் அக்காவிடம் வந்தது. அவள் தன் ராமைக் கழற்றிக் கைப்பையில் போட்டாள்.

வீட்டுக்காரர் பின்னாலேயே வந்தார். "ஏம்மா, நீ அதை எடுத்துட்டா என் பெட்டி பழையபடி ஆயிடுமே?"

"ஆகும் சார். இன்னொரு தகடு வேணும்னா எங்க வீட்டுல ஒண்ணு சும்மா கிடக்கு."

அன்று மாலையே பழைய சாமான் கடையில் டிஸ்க் வாங்கினார்கள். டிரைவரே மாட்டினார், கடைக்காரர் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல. வீட்டுக்கு வந்து சுவிட்சைப் போட்டுவிட்டு டிரைவர் பழைய பழக்கத்தில் குளிக்கக் கிளம்பினார். துண்டை எடுப்பதற்குள் பெட்டி தயாராகிவிட்டது. மாதக் கடைசிக்கு ஒரு நாள் முன்னால் முந்நூறு பக்கமும் வக்கீல் அலுவலகம் போய்ச் சேர்ந்தன. வேலை அவளிடமே இருந்தது.

இப்போது தெருவில் பாதிப்பேர் தங்கள் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லி அவளிடம் வருகிறார்கள். திறந்து, ஊதி, எது குறை என்று காட்டி அனுப்புகிறாள். போகும்போது ஒருத்தர் இன்னமும் தயங்கி நிற்கிறார்: "தகடு மட்டும் இருந்துட்டுப் போகட்டுமே. ஒண்ணும் கெடுதல் இல்லையே?"

கெடுதல் இல்லையாம்! பெட்டியில் ஒட்டிய தகட்டைச் சுரண்டி எடுக்க ஒரு நகம் போதும். மண்டையில் ஒட்டியதை நீரேதான் சுரண்ட வேண்டும். அதற்கு ஒரே வழிதான் எனக்குத் தெரியும்: திறக்காதே என்று எவனாவது எந்த மூடியைக் காட்டிச் சொல்கிறானோ, முதலில் அதைத் திறந்து பாரும்.