ஈரத்தில் பிரேக் பிடிக்குமா?

புதிதாக ஒரு தொழில் படித்தவனைத் துட்டி வீட்டுக்குள் விடவே கூடாது. (சாவு வீட்டை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.) படித்ததை எங்கேயாவது இறக்கி வைக்க வாய் துடித்துக்கொண்டிருக்கும். அங்கேதான் எல்லோரும் வேலை இல்லாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

அப்போது நான் சென்னையில் விமானப் பராமரிப்புப் பயிற்சியில் இருந்தேன். சக்கரமும் பிரேக்கும் பார்க்கும் பிரிவு. பார்ப்பது மற்றவர்கள், கழற்றிய டயரை உருட்டிக்கொண்டு போவது நான். ராஜபாளையத்தில் அப்பா சொல்லி வைத்திருந்ததோ, 'பையன் ஏரோப்பிளேன் இன்ஜினியர்.'

ஸ்ரீவில்லிபுத்தூரில் சித்தப்பா இறந்துபோனார். அரசுப் பேருந்து ஓட்டுநர். டூட்டி முடிந்து வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது தெருப் பந்தலில் பாடை கட்டி முடித்திருந்தார்கள். மழை வேறு தூறிவிட்டுப் போயிருந்தது. சித்தப்பாவைக் குளிப்பாட்டிய தண்ணீரும் சேர்ந்து சிமெண்டுத் தெரு பளபளவென்று கிடந்தது.

எல்லாம் தயார். சித்தப்பாவின் ஒரே மகன் சரவணன் மட்டும் வரவில்லை. வடக்கே ராணுவத்தில் இருந்தான். டெல்லியில் விமானம் ஏறியது வரைக்கும் தெரியும். அதற்குப் பிறகு போன் கிடைக்கவில்லை.

"பொழுது சாயுறதுக்குள்ள எடுத்துரணும்" என்றார் அப்பா. அண்ணன் என்ற முறையில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"எம்பிள்ளை வாரான் மச்சான். செத்த நேரம் பொறுங்க" என்று சித்தி உள்ளேயிருந்து கெஞ்சினாள். அப்பா வானத்தைப் பார்த்தார்.

சித்தப்பாவோடு வேலை பார்த்த ஓட்டுநர்கள் காக்கிச் சட்டையோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அதில் மாடசாமி அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே தம்பி, மதுரையில நல்ல மழையாம். சரவணன் வர்ற பிளேன் ஈரத்துல எறங்குமா? பிரேக்கு பிடிக்குமாலே?"

பந்தலில் பெஞ்சின் மேல் கிடத்தியிருந்த சித்தப்பாவின் முகத்தைப் பார்க்காமல் இருக்க எனக்கும் ஏதாவது ஒரு சாக்கு வேண்டியிருந்தது. சொல்ல ஆரம்பித்தேன்.

"நம்ம வண்டி மாதிரி டிரம் பிரேக் இல்ல அண்ணாச்சி. எல்லாம் டிஸ்க்குதான். அதுவும் அடுக்கடுக்கா இருக்கும்." டீ குடித்த காகிதக் கப்புகளைப் பொறுக்கி ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினேன். "இந்தத் தகடு சக்கரத்தோட சுத்தும். அடுத்தது சுத்தாது. பெடலை மிதிச்சா ஆயில் பிரஷர்ல மொத்தமும் நெருங்கி ஒண்ணோட ஒண்ணு ஒரசும்."

"சரி, சக்கரமே வெளிய வரலைன்னா?"

"சக்கரத்தை மேல பிடிச்சிருக்கிற பூட்டை எடுத்துவிட்டாப் போதும். தன் பாரத்துலயே தொங்கி வந்து மாட்டிக்கிடும்."

கூட்டம் கூடியது. பறை அடிப்பவர்கள்கூட நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். (அங்கேயாவது நான் நிறுத்தியிருக்கலாம்.)

"எறங்குன ஒடனே றெக்கை மேல தகடு எந்திரிச்சு நிக்கும். அப்பத்தான் காத்து தூக்காம, பாரம் பூராவும் சக்கரத்துல உக்காரும். பாரம் உக்காந்தாத்தான் பிரேக்கு பிடிக்கும்."

"அதெல்லாம் சரிப்பா. ஈரத்துல போட்டு மிதிச்சா வழுக்காதா?"

"அதுக்குத்தான் ஒரு கருவி இருக்கு. சக்கரம் சுத்தாம இறுகப் போகுதுன்னா தானே பிரேக்கை விட்டுரும். பொறவு பிடிக்கும். மறுபடி விடும். அது இல்லைன்னா என்ன ஆகும்னா..."

என்ன ஆகும் என்று வாயால் சொல்லியிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. நான் பந்தலின் ஓரத்துக்குப் போய், அங்கிருந்து ஓடிவந்து, ரப்பர் செருப்போடு இரண்டு காலையும் சேர்த்து ஊன்றினேன்.

கால் நின்றது. நான் நிற்கவில்லை. ஈரச் சிமெண்டில் சர்ரென்று வழுக்கிக்கொண்டு போய்ப் பாடையின் மேல் விழுந்தேன். நடு மூங்கில் படாரென்று முறிந்தது. மாலைகளுக்கு நடுவே, சித்தப்பா படுக்க வேண்டிய இடத்தில் நான் படுத்திருந்தேன்.

கூட்டம் அப்படியே எழுந்து நின்றது. அதற்குள் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு சித்தி சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்துச் சிரித்து அப்படியே தரையில் சரிந்தாள். பிறகு அவள் அழுத அழுகையைப் போல நான் அதுவரை கேட்டதில்லை.

அப்பா என்னைச் சட்டையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். "கண்ணு முன்னால நிக்காத. போயிரு."

வேறு மூங்கில் வாங்க ஆள் போனது. கடைக்காரர் அடைத்துவிட்டுப் போயிருக்கிறார், வீட்டைத் தேடிப் போய் எழுப்பிக் கூட்டி வர வேண்டும் என்று தகவல் வந்தது. பொழுது சாய்ந்துகொண்டே இருந்தது. அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தார். அடுத்த வீட்டுச் சுவரோரம், முழங்கையில் ரத்தம் வழிய, நான் யார் கண்ணிலும் படாமல் நின்றேன்.

புது மூங்கிலை வைத்துக் கட்டிக்கொண்டிருக்கும்போது தெருமுனையில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. பையைக்கூட எடுக்காமல் சரவணன் இறங்கி ஓடிவந்தான். கூட்டம் விலகி வழிவிட்டது. அவன் சித்தப்பாவின் பாதங்களை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். எழுந்திரு என்று யாரும் சொல்லவில்லை. அப்பாவும் சொல்லவில்லை.

வருஷங்கள் ஓடிவிட்டன. இப்போது நான் சக்கரத்தை உருட்டுவதில்லை. பிரேக்கைச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறேன். குடும்பத்தில் அதற்கு ஒரு மதிப்பும் கிடையாது. கல்யாணமோ காதுகுத்தோ, நான் நுழைந்தால் யாராவது ஒருவர், "ஏலே, தரை காஞ்சிருக்கான்னு பாருங்க" என்பார். என் மனைவியை முதன்முதலாகக் கூட்டிப்போனபோது சித்தி சொன்னது இது: "ஒங்க மாமா போகும்போது அவியளுக்குச் செத்த நேரம் பிரேக்கு போட்டது இவன்தான்மா."

ஒவ்வொரு திதிக்கும் சரவணன் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அந்தக் கதையைக் கேட்பான். விழுந்த கதைக்கு எல்லோரையும்போலச் சிரிப்பான். ஆனால் அதோடு விடமாட்டான்.

"அதுக்கு முன்னால சொல்லு. அன்னைக்கு எங்கண்ணுல எதுவும் பதியல. அப்பாவுக்கு என்ன வேட்டி கட்டியிருந்தாக? தலைமாட்டுல யார் இருந்தா? நான் வாரதுக்கு முந்தி எல்லாத்தையும் சொல்லு."

சொல்வேன். கப்புகளை அடுக்கியது, அண்ணாச்சி கேட்டது எல்லாம் மறக்காமல் வரும். சித்தப்பாவின் பக்கம் நான் திரும்பியே பார்க்கவில்லை என்பதை மட்டும் அவனிடம் சொன்னதில்லை. வேட்டி பச்சைக் கரை என்றுதான் ஒவ்வொரு வருஷமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.