அங்கியைத் திருப்பிக் கேட்டவன்

தும்மல் வரும்போல் இருந்தது. ஒரோஸாலி மண்வாரியைக் கீழே போட்டுவிட்டு மூக்கை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டான். நிலக்கரித் தூசிக்கு நடுவே நின்றுகொண்டு தும்மல் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டவன் அந்தச் சுரங்கத்திலேயே அவன் ஒருவன்தான்.

வேண்டுதல் பலிக்கவில்லை. தும்மல் வந்தது. இடது இடுப்புக்குக் கீழே, தையல் போட்ட இடத்தில், பழுக்கக் காய்ச்சிய கம்பியைச் சொருகித் தொடைவரை இழுத்ததுபோல் இருந்தது. ஒரோஸாலி கரிக்குவியலின் மேல் குப்புற விழுந்தான்.

"எந்திரிப்பா, லாரி நிக்குது," என்றான் மேஸ்திரி தாஷ்தான்.

"வலிக்குதுண்ணே."

"உனக்குத்தான் குணமாயிடுச்சே. நீயே சொன்னியே, வீடியோவுல பார்த்தேனே."

அந்த வீடியோதான் அவனுக்கு வந்த வினை.

கரி அள்ளுகிறவனுக்குக் குடலிறக்கம் வருவது, சமைக்கிறவளுக்குக் கை சுடுவதைப் போல. ஒரோஸாலிக்கும் வந்தது. ஊர் ஆஸ்பத்திரியில் டாக்டர் எசென்குல் அறுத்து, உள்ளே வலை வைத்துத் தைத்து அனுப்பினார். வீட்டுக்கு வந்த அன்று அவனுக்கு உடம்பு பஞ்சாகப் பறந்தது. வலி ஊசியின் மருந்து இன்னும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது அவனுக்குத் தெரியாது. அன்றைக்கே கடாவை அறுத்தான். தெருவையே கூப்பிட்டான். டாக்டரை விரிப்பின் தலைமாட்டில் உட்காரவைத்து, பெரிய விருந்தாளிக்கே உரிய ஆட்டுத்தலையை அவர் முன்னால் வைத்தான். அவன் மனைவி புருல்சா குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து ஆட்டுக்கொம்புக் கோலம் தைத்த கறுப்பு வெல்வெட் அங்கியை அவர் தோளில் போர்த்தினான். பிறகு எழுந்து நின்று, குதிரைப்பால் கிண்ணத்தை உயர்த்தி, "என் வலி செத்துப்போச்சு! எசென்குல் கைவச்சா செத்தவனும் எந்திரிப்பான்!" என்று முழங்கினான். யாரோ அதைப் படம் எடுத்தார்கள். கறி ஆறுவதற்குள் அது ஊர் வாட்ஸப் குழுவில் எல்லோருடைய போனிலும் இருந்தது.

மறுநாள் காலையில் மருந்து வடிந்தது. வலி வந்தது.

ஆஸ்பத்திரிக்கு ஓடினான். டாக்டர் எசென்குல் அவனைத் தொடக்கூட இல்லை. போனை எடுத்து அவன் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"இது யாரு?"

"நான்தாங்க."

"என்ன சொல்றே?"

"வலி செத்துப்போச்சுன்னு சொல்றேன்."

"அப்புறம் இப்ப எதுக்கு வந்தே? போ. புதுத் தையல், கொஞ்சம் இழுக்கும்."

கொஞ்சம் இழுக்கவில்லை. உயிரையே இழுத்தது. ஒரோஸாலி மறுபடி போனான். டாக்டர் பயிற்சிக்காக வெளியூர் போயிருப்பதாகச் சொன்னார்கள். அவர் திரும்பி வந்து பல நாள் கழித்துத்தான் பார்க்க முடிந்தது. டாக்டர் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. இடது கையை வெள்ளைக் கோட்டின் பைக்குள் விட்டு அழுத்திக்கொண்டிருந்தார்.

"டாக்டர், வலி எங்கேன்னா..."

"தெரியும், தெரியும். இடது இடுப்புக்குக் கீழே. தொடைவரைக்கும் ஓடும். தும்முனா உயிர் போகும். இதெல்லாம் மனசு, ஒரோஸாலி. நரம்பு. கடுந்தேநீரைக் குறை. காலாற நட."

தும்மலைப் பற்றி ஒரோஸாலி வாயே திறக்கவில்லை. படித்தவர், பார்த்ததுமே தெரிந்துகொள்கிறார் என்று அந்த வலியிலும் அவனுக்கு ஒரு மரியாதை வந்தது. நடந்தான். வலி கூடியது. தேநீரைக் குறைத்தான். தலைவலியும் சேர்ந்துகொண்டது.

"உனக்கு வலியைக் காட்டத் தெரியலை," என்றாள் புருல்சா. "கம்முனு போய் நின்னா எவன் நம்புவான்? கத்துய்யா!"

கத்தினான். ஆஸ்பத்திரிப் படியில் விழுந்து புரண்டு கத்தினான். டாக்டர் எசென்குல் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "நடிக்கிறான்," என்றார்.

அடுத்த யோசனை ஒரோஸாலியுடையது. ஒரு வீடியோவால் வந்ததை இன்னொரு வீடியோவால் போக்கிவிடலாம். முகத்தைச் சுளித்துக்கொண்டு, "மக்களே, எனக்கு வலிக்குது. அன்னிக்குச் சொன்னது மருந்து பேசினது. இன்னிக்குப் பேசுறதுதான் நான்," என்று படம் எடுத்துக் குழுவில் போட்டான். ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. மேல்தெருவில் ஒரு கல்யாண வீட்டார் வந்து வாசலில் நின்றார்கள்.

"அண்ணே, பொண்ணு வீட்டுக்காரங்க வர்றப்ப நீங்க வந்து அதே மாதிரி பேசணும். அந்த மூஞ்சியும் அப்படியே வேணும்."

"எனக்கு நிஜமா வலிக்குதுடா!"

"ஆங், இதேதான்! இதேதான்!" என்று அவர்கள் தொடையில் தட்டிச் சிரித்தார்கள்.

பக்கத்து மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போனான். அங்கே இருந்த சர்ஜனுக்குச் சிவந்த கன்னம், பெரிய குரல். அவனைப் படுக்கவைக்காமலே தீர்ப்புச் சொன்னார்.

"நரம்பு. எல்லாருக்கும் இதேதான் சொல்றேன். கொஞ்ச நாள் முன்னாடி ஒரு பெரிய படிப்புப் படிச்ச மனுஷன் இதே இடத்துல நின்னு இதையே சொன்னாரு. படிச்சவங்களே பயந்தா உன்னை மாதிரி ஆளை என்ன சொல்றது? போ, போ. தேநீரைக் குறை."

கரிக்குவியலில் விழுந்த நாளிலிருந்து வேலைக்குப் போகாமல் இருந்த ஒரோஸாலியிடம், திரும்பி வந்ததும், தாஷ்தான் முகம் பார்க்காமல் பேசினான்.

"ரெண்டு டாக்டர் உனக்கு ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்க. திங்கக்கிழமை மண்வாரியைத் தூக்கு. இல்லைன்னா அதை வேற ஒருத்தன் கையில குடுக்கணும். மேலே கேக்குறாங்கப்பா, நான் என்ன பண்ண?"

பதினாறு வயதிலிருந்து அந்த மண்வாரி ஒரோஸாலியின் கையில் இருந்தது. அதைத் தவிர அவனுக்கு வேறு தொழில் தெரியாது. அன்று இரவு அவன் சோற்றைத் தொடவில்லை.

புருல்சா அவன் தட்டை எடுத்து மூடிவைத்தாள். பிறகு, "யோவ், ஒண்ணு கேக்குறேன். அந்த அங்கி எதுக்குப் போர்த்துனோம்?" என்றாள்.

"குணமானதுக்கு."

"குணமாச்சா?"

"இல்லை."

"அப்ப அது அந்தாளுக்கு எப்படிச் சேரும்? போய்த் திருப்பிக் கேளு."

ஒரோஸாலிக்கு வேர்த்துவிட்டது. எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கொடுத்துத் திருப்பிக் கேட்டவன் உண்டு. குதிரையை விற்றுத் திருப்பிக் கேட்டவன் உண்டு. ஒருவன் தோளில் போர்த்திய அங்கியைத் திருப்பிக் கேட்டவன் இன்றுவரை கிடையாது. கேட்டால் அவனுக்கும் மானமில்லை, கொடுத்தால் மற்றவனுக்கும் மானமில்லை.

"ஊரு காறித் துப்பும்டி."

"இப்ப மட்டும் என்ன பண்ணுது? கல்யாணத்துக்குக் கோமாளியாக் கூப்பிடுது."

மறுநாள் இருவரும் டாக்டர் வீட்டு வாசலில் நின்றார்கள். செய்தி முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. பால் கறந்துகொண்டிருந்தவர்கள் வாளியோடு வந்தார்கள். மசூதியிலிருந்து கிழவர்கள் வந்தார்கள். தாஷ்தானும் வந்தான்.

"டாக்டர், என் அங்கியைக் குடுங்க," என்றான் ஒரோஸாலி. "அது குணமானவன் போர்த்தினது. நான் குணமாகலை."

கூட்டம் இன்னும் நெருங்கி வந்தது. டாக்டர் எசென்குலின் முகம் முதலில் சிவந்தது. பிறகு, ஏனோ, வெளுத்தது.

"அது... தோய்க்கப் போட்டிருக்கு."

"வெல்வெட்டைத் தோய்ப்பாங்களா?" என்றாள் புருல்சா.

"இல்லை, பெட்டியில இருக்கு. சாவி சைராகுல்கிட்ட இருக்கு."

கதவோரம் நின்றிருந்த டாக்டரின் மனைவி சைராகுல், "என்கிட்ட ஏது சாவி? உங்க இடுப்புல தொங்குது பாருங்க," என்றாள்.

டாக்டர் அவளை ஒரு பார்வை பார்த்தார். அவள் வானத்தைப் பார்த்தாள்.

"சரி, உனக்குப் புதுசு ஒண்ணு வாங்கித் தர்றேன். பட்டுல."

"எனக்கு என் அங்கிதான் வேணும். இடது கைக்குக் கிட்ட ஒரு கொம்பு கோணலா இருக்கும். அன்னிக்குக் கரண்டு போயிருச்சு, என் பொண்டாட்டி இருட்டுல தைச்சா."

"குடுத்துடு எசென்குல்," என்றார் கிழவர் ஒருவர். "இப்படி ஒருத்தன் கேட்டதும் இல்லை, இப்படி ஒருத்தன் மறைச்சதும் இல்லை."

டாக்டரின் நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. ஒரோஸாலியை வாசலுக்கு உள்ளே இழுத்துப்போய்க் காதருகே கேட்டார்.

"அங்கியை விடுப்பா. அதுக்குப் பதிலா என்ன வேணும்னு சொல்லு."

ஒரோஸாலிக்கு வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் கை ஓங்கியிருப்பது புரிந்தது. வெளியே இருக்கிற எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னான்.

"எனக்கு வலிக்குதுன்னு உங்க கையால எழுதுங்க. தலைநகரத்துக்கு, பிஷ்கெக் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க. அதுவரைக்கும் என் மண்வாரியை எவனும் தொடக்கூடாதுன்னு மேஸ்திரிகிட்ட சொல்லுங்க."

டாக்டர் அங்கேயே, கதவின் மேல் காகிதத்தை வைத்து எழுதினார். தாஷ்தானைக் கூப்பிட்டுச் சொல்லவும் சொன்னார். ஒரோஸாலி காகிதத்தைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது, கறவை வாளிகளைத் தட்டி ஊர் ஆரவாரம் செய்தது. வலியோடுதான் நடந்தான். ஆனால் குதிரைப் பந்தயத்தில் ஜெயித்தவன் மாதிரி நடந்தான்.

பிஷ்கெக்கில் டாக்டர் மீரிம் ஒடிசலான பெண். "எங்கே வலிக்குது?" என்று கேட்டுவிட்டு, அவன் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் இருந்தாள். அப்படி ஒரு டாக்டர் இருப்பார் என்று தெரியாததால், ஒரோஸாலிக்குச் சொல்ல வேண்டியது பாதி மறந்துபோனது. அவள் விரலால் ஓர் இடத்தை அழுத்தினாள். அவன் கட்டிலோடு துள்ளினான்.

"வலையைத் தைக்கிறப்ப ஒரு நரம்பும் சேர்ந்து மாட்டியிருக்கு," என்றாள். "வலிக்காம என்ன செய்யும்? இத்தனை நாள் எப்படிப் பொறுத்தீங்க?"

ஒரோஸாலி அழுதான். வலிக்காக அல்ல.

அவள் மறுபடி அறுத்து நரம்பை விடுவித்தாள். இந்தமுறை ஒரோஸாலி கடாவைத் தொடவில்லை. குளிர்காலம் முழுக்கக் கரி அள்ளிப் பார்த்தான். ஒருநாள் குவியல் மேல் ஏறி நின்று, தூசியை வேண்டுமென்றே உள்ளிழுத்துத் தும்மினான். ஒன்றும் இல்லை. ஆசைக்கு இன்னொரு தும்மல் போட்டான். கீழே நின்ற லாரிக்காரர்கள் கைதட்டினார்கள். தாஷ்தான், "போதும்யா, இறங்கி அள்ளு," என்று கத்தினான். அதைவிட இனிமையான சொல்லை ஒரோஸாலி கேட்டதில்லை.

பனி உருகியதும் விருந்து வைத்தான். டாக்டர் மீரிம் பிஷ்கெக்கிலிருந்து வந்தாள். ஆட்டுத்தலை அவளுக்கு. புருல்சா தைத்த புது அங்கி அவளுக்கு. ஊர் கேட்டுக்கொண்டபடி ஒரோஸாலி மறுபடி முழங்கினான்: "இப்பப் பேசுறது மருந்து இல்லை, நான்!" இந்தமுறையும் ஊர் சிரித்தது. ஆனால் அவனோடு சேர்ந்து சிரித்தது.

டாக்டர் எசென்குலையும் கூப்பிட்டிருந்தான். பார்க்கட்டும் என்றுதான். அவர் வந்தார். எல்லோரும் சம்மணம் போட்டிருக்க, அவர் மட்டும் இடது காலை நீட்டிக்கொண்டு, டாக்டர் மீரிமை ஒட்டி இடம் பிடித்து உட்கார்ந்தார். கறியைத் தொடவில்லை. அவளிடம் ஏதோ சொல்ல வாயெடுப்பதும், சுற்றிலும் பார்த்துவிட்டு மூடிக்கொள்வதுமாக இருந்தார். சூப்பில் தூவிய மிளகு நெடி கிளம்பியது. டாக்டர் எசென்குல் சட்டென்று மூக்கை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

ஒரோஸாலி கிண்ணத்தைக் கையில் வைத்தபடி அந்த இரண்டு விரலையே பார்த்தான்.

அந்த நேரம் பார்த்து, பக்கத்தில் போர்சோக் மாவுத்துண்டுகளை எண்ணெயில் பொரித்துக்கொண்டிருந்த புருல்சா, சைராகுலைக் கேட்டாள்.

"அக்கா, இனிமே கேட்டா தப்பில்லையே? என் பழைய அங்கி எங்கேதான் போச்சு?"

"அதையா கேக்குறே?" என்று சைராகுல் தலைத்துணியின் முனையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "பயிற்சின்னு ஊருக்குச் சொல்லிட்டுப் போய் இவரும் இதே ஆபரேஷனைப் பண்ணிக்கிட்டு, வீட்டுக்கு அனுப்பின அன்னிக்கே அந்தப் பக்கத்து மாவட்ட டாக்டருக்கு அதைப் போர்த்தி, 'என் வலி செத்துப்போச்சு'ன்னு வீடியோவும் எடுத்துட்டு வந்துட்டாரே!"